கோடரிக்கு முன்னால் விதிப்புத்தகம்: அமெரிக்கக் கல்லூரி மரவெட்டுப் போட்டிகளுக்குப் புதிதாகப் பெயர் கொடுப்பவர்களுக்கு

கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தபோதே நடுவர் குனிந்து, நான் அறுத்துத் தள்ளிய மரவில்லையைக் கையில் எடுத்தார். அதன் விளிம்பைச் சுற்றிக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டையும் அதை ஒட்டிய மரமும் இல்லை. அந்தத் துண்டு இன்னும் கட்டையிலேயே இருந்தது. இரண்டாவது அறுப்பில் என் செயின் சா (எஞ்சினால் ஓடும் சங்கிலி ரம்பம்) சற்றே சாய்ந்து, மேல்விளிம்பை எட்டுவதற்குள் கட்டையின் முகப்பு வழியாக வெளியே வந்துவிட்டிருக்கிறது. எங்கள் அணியிலேயே குறைந்த நேரம் என்னுடையதுதான், ஆனால் தாளில் அந்த எண்ணுக்குப் பதிலாகத் தகுதிநீக்கம் என்று எழுதப்பட்டது.

நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் முதுநிலை படிக்க வந்த இடத்தில், கோடரி பிடிப்பதைவிடப் படிவங்களோடும் விதிகளோடும்தான் நான் அதிகம் மல்லாடினேன். அடுத்து வருகிறவர்கள் அதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை நடைமுறையில் வரும் வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன்.

1. எந்தக் களம் என்பதை முதலில் தீர்மானியுங்கள்

மரவெட்டுப் போட்டி என்ற ஒரே பெயரில் மூன்று வகைகள் நடக்கின்றன. செயின் சா தயாரிக்கும் ஸ்டீல் (STIHL) நிறுவனம் 1985 முதல் நடத்தும் டிம்பர்ஸ்போர்ட்ஸ் தொடர் ஒன்று. அதில் கோடரிக்கு மூன்றும் ரம்பத்துக்கு மூன்றுமாக ஆறு பிரிவுகள் உண்டு. விஸ்கான்சின் மாநிலத்து ஹேவர்டில் 1960 முதல் நடந்துவரும் உலகப் போட்டி, நியூயார்க்கின் பூன்வில் ஊரில் ஆகஸ்டில் நடக்கும் விழா போன்ற திறந்த போட்டிகள் இரண்டாவது வகை. மூன்றாவது, கல்லூரி அணிகள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் சந்திப்புகள். வடகிழக்கு மாநிலங்களில் ஆறு பேர் கொண்ட ஆண்கள் அணி, பெண்கள் அணி, ஜாக் அண்ட் ஜில் என்று அழைக்கப்படும் கலப்பு அணி என இவை அமைகின்றன.

புதியவர் மூன்றாவதில்தான் தொடங்க வேண்டும் என்பேன். கருவிகள் அணிக்குச் சொந்தமானவை, சொல்லித்தர மூத்த மாணவர்கள் இருக்கிறார்கள், கையில் அதிகக் காசில்லாமலேயே முதல் ஆண்டை ஓட்டிவிடலாம். வனவியல் படித்தால்தான் சேர்ப்பார்கள் என்று நினைக்காதீர்கள். எங்கள் அணியில் கணக்குப் பாடம் படித்தவர்களும் இருந்தார்கள். ஆனால் முதுநிலை மாணவர்களுக்குத் தகுதி உண்டா என்பது சந்திப்புக்குச் சந்திப்பு மாறுகிறது, ஆகவே பயிற்சி தொடங்கும் முன்பே அதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காலக்கணக்கு இது: ஆகஸ்டு கடைசியில் கல்லூரி திறந்ததும் அணியில் ஆள் சேர்ப்பார்கள்; இலையுதிர்காலச் சந்திப்புகள் அக்டோபர் வாக்கில் வரும்; பெரிய வசந்தகாலச் சந்திப்பு ஏப்ரலில் நடக்கும். செப்டம்பர் நடுவில் போய்க் கேட்டால் அக்டோபருக்கு இடம் கிடைப்பது அரிது, ஏனென்றால் ஆறு பேர் பட்டியல் அதற்குள் எழுதப்பட்டிருக்கும்.

2. காகிதங்களை முதல் வாரத்திலேயே முடியுங்கள்

என் முதல் சந்திப்புக்குப் புறப்பட வேண்டிய காலையில், நான்கு பக்கப் பொறுப்புத் துறப்புப் படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் என் கையெழுத்து இல்லை என்று நிறுத்தி வைக்கப்பட்டேன். படிவத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்ட அலுவலகம் ஒரு மாதமாக அதைத் திறந்து பார்த்திருக்கவில்லை. பேருந்து போய்விட்டது. ஒவ்வொரு பக்கத்தையும் நீங்களே புரட்டிப் பாருங்கள், முடித்த படிவத்தைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்திருங்கள்.

வேண்டியவை இவை: கையெழுத்திட்ட பொறுப்புத் துறப்புப் படிவம், மருத்துவக் காப்பீட்டு அட்டையின் இரு பக்க நகல், நீங்கள் முழுநேர மாணவர் என்று கல்லூரிப் பதிவாளர் தரும் சான்று, நெருக்கடியில் அழைக்க வேண்டியவரின் பெயரும் எண்ணும். கடைசியாகச் சொன்னதற்குச் சென்னையில் இருக்கும் அப்பாவின் எண்ணைக் கொடுத்தேன், அமெரிக்க எண் ஒன்று வேண்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அறைத்தோழர் எண்ணைக் கொடுத்தால் போதும். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்தாண்டு கடந்திருந்தால் கல்லூரி மருத்துவமனையில் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டில் ஒரு பொறி உண்டு. மலிவாகக் கிடைக்கிறது என்று இந்தியாவிலிருந்தே எடுத்துவரும் சில பயணக் காப்பீடுகள், அணி விளையாட்டிலோ ஆபத்தான விளையாட்டிலோ ஏற்படும் காயத்துக்குப் பணம் தராது. விலக்குகள் என்ற தலைப்பின் கீழே இருக்கும் சிறிய எழுத்தை வாசித்த பிறகே கோடரியைத் தொடுங்கள்.

செயின் சா பிரிவில் நிற்க விரும்பினால் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று கேட்பார்கள். வடகிழக்கில் கேம் ஆஃப் லாகிங் என்ற பயிற்சியின் முதல் நிலை பரவலாக நடக்கிறது. ஒரு முழு நாள் ஆகும். சீக்கிரம் இடம் நிரம்பிவிடும்.

3. காலுக்குக் காப்பு முதலில், சொந்தக் கோடரி கடைசியில்

வாங்க வேண்டியவற்றில் முதலாவது, விரல்பகுதியில் எஃகு வைத்த காலணி. எனக்கு 130 டாலர் ஆனது. செயின் சாவுக்குரிய தொடைக்காப்பு 100 டாலர் அளவில் கிடைக்கிறது. கண்ணாடியும் காதடைப்பும் சேர்த்து 30 டாலருக்குள் முடியும். கட்டையின் மேல் நின்று இரு பாதங்களுக்கு நடுவே வெட்டும் பிரிவுக்கு, பாதத்தையும் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியையும் மூடும் எஃகு வளையக் கவசம் கட்டாயம். அதை அணியிடமே இரவல் கேளுங்கள். அளவு பெரிதாக இருந்தால் கணுக்காலில் மடிந்து தொங்கும், கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள்.

போட்டிக் கோடரியைப் பார்த்ததும் வாங்கத் தோன்றும். முகம் பார்க்கலாம் போல மெருகேற்றிய அதன் அலகு சவரக்கத்தி அளவுக்குக் கூர்மையானது. நல்லது ஒன்று 500 டாலருக்கு மேல் போகிறது. ஒருவர் இழுக்கும் போட்டி ரம்பமோ 1,500 டாலரைத் தாண்டும். முதல் ஆண்டில் இரண்டையும் வாங்காதீர்கள். மரத்தில் ஒரு கணு பட்டால் அலகு பிறை வடிவில் பெயர்ந்துபோகும், உறைந்த மரத்தில் அது இன்னும் எளிதாக நடக்கும். பயிற்சிக்குத் தனிக் கோடரி, போட்டிக்குத் தனிக் கோடரி என்று எல்லா அணிகளும் வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

ஊரில் விறகு பிளந்த பழக்கம் கைகொடுக்கும் என்று நம்பி வந்தவன் நான். விறகை நாரின் போக்கிலேயே பிளக்கிறோம். இங்கே நாருக்குக் குறுக்கே, ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில், மேலிருந்து ஒரு வெட்டு, கீழிருந்து ஒரு வெட்டு என்று சில்லு சில்லாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். பழைய பழக்கத்தை மறக்கவே எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

4. நடுவர் எதைப் பார்க்கிறார் என்பதைப் பிரிவு பிரிவாகப் படியுங்கள்

எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவானது தொடக்கம். நேரக் காப்பாளர்களும் போட்டியாளர்களும் ஆயத்தமா என்று கேட்டுவிட்டு, மூன்று, இரண்டு, ஒன்று என்று எண்ணி, கோ என்பார்கள். அதற்கு முன் கோடரியோ கையோ அசைந்தால் பிழைத்தொடக்கம். முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை வெளியேற்றம் என்பதே வழக்கம். 'ஒன்று' என்ற சொல்லுக்கே தோள் துள்ளுவது புதியவர்களின் நோய். பயிற்சியில் ஒருவரை எண்ணச் சொல்லி, சில முறை வேண்டுமென்றே கோ சொல்லாமல் நிறுத்தச் சொல்லிப் பழகுங்கள்.

கிடைவெட்டு: படுக்கவைத்துப் பொருத்திய கட்டையின் மேல் ஏறி நின்று வெட்டுவது. டிம்பர்ஸ்போர்ட்ஸ் உலகத் தொடரில் இதன் விட்டம் 32 சென்டிமீட்டர். ஒரு பக்கத்தில் பாதிவரை வெட்டி, திரும்பி நின்று மறுபக்கத்தையும் வெட்ட வேண்டும். ஒரே பக்கத்திலிருந்து துண்டித்தால் செல்லாது. இரு துண்டுகளும் முழுதாகப் பிரிந்த பிறகுதான் கடிகாரம் நிற்கும். கட்டை விரிசல் விட்ட ஓசையைக் கேட்டதும் முடிந்துவிட்டது என்று நிமிர்ந்து பார்ப்பது பெரிய தவறு, ஏனென்றால் அடியில் சுண்டுவிரல் கனத்துக்கு நார் பிடித்துக்கொண்டிருக்கும். அதைக் காலால் மிதித்துப் பிரிக்க நினைக்காமல் கோடரியாலேயே தீர்த்துவிடுங்கள்.

நின்றகட்டை வெட்டு: 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள கட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, நிற்கும் மரத்தைச் சாய்ப்பதுபோல் பக்கவாட்டில் வெட்டுவது. இங்கும் இரு பக்கமும் வெட்ட வேண்டும். மேல்துண்டு கீழே விழுந்தால்தான் நேரம் முடிகிறது.

ஒற்றையாள் ரம்பம்: 46 சென்டிமீட்டர் கட்டையை ஏறக்குறைய இரண்டு மீட்டர் நீள ரம்பத்தால் ஒருவர் அறுப்பது. ஓர் உதவியாளர் அறுப்புத் தடம் மூடிக்கொள்ளாமல் ஆப்பு வைக்கலாம், ரம்பத்துக்கு எண்ணெய் தெளிக்கலாம். அறுப்பதில் அவர் கை இருக்கக் கூடாது. தொடங்குவதற்கு முன் பட்டையில் சிறு கீறல் போட்டுக்கொள்ளலாமா, எவ்வளவு ஆழம் என்பது இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அன்றைய நடுவரிடமே கேளுங்கள். வில்லை விழும் நொடியில் இழுப்பதை நிறுத்தாவிட்டால் ரம்பப் பற்கள் இரும்புச் சட்டத்தில் மோதும், மோதினால் அணித்தலைவர் உங்களோடு ஒரு வாரம் பேசமாட்டார்.

செயின் சா: எல்லாருக்கும் ஒரே வகை இயந்திரம், ஆகவே தவறுக்குக் கருவியைக் குறைசொல்ல முடியாது. 40 சென்டிமீட்டர் கட்டையின் முனையிலிருந்து 10 சென்டிமீட்டரில் ஒரு கோடு போட்டிருக்கும். ஓடும் நிலையில் இயந்திரம் தரையில் கிடக்க, இரு கைகளும் கட்டையின் மேல் இருக்க வேண்டும். கோ என்றதும் எடுத்து, மேலிருந்து கீழாக ஒரு வில்லை, கீழிருந்து மேலாக மற்றொரு வில்லை. இரண்டும் முழு வட்டமாக இருக்க வேண்டும், கோட்டை எந்த அறுப்பும் தாண்டக் கூடாது. இந்த இரண்டு விதிகளும் ஒன்றையொன்று இழுப்பதில்தான் பிரிவின் கடினமே இருக்கிறது. முதல் வில்லை நான்கு விரல் கனத்துக்குப் போய்விட்டால் இரண்டாவதற்கு இடம் இராது, கோடு தாண்டிவிடுவோமோ என்ற பயத்தில் கை தானாக வெளிப்பக்கம் சாயும், சாய்ந்தால் நான் முதலில் சொன்ன கதைதான். கனத்தைக் குறைப்பதற்கு முன் நேராக அறுக்கப் பழகுங்கள்.

பலகையேற்றமும் ஹாட் சாவும் கல்லூரி மாணவர்களுக்கான டிம்பர்ஸ்போர்ட்ஸ் பிரிவில் இல்லை. முன்னதில் மரத்தில் குழி வெட்டிப் பலகை செருகி, அதன் மேல் ஏறி இன்னொரு குழி வெட்டி, அந்த உயரத்தில் நின்று உச்சிக்கட்டையை வெட்ட வேண்டும். பின்னதில் மாற்றியமைத்த பெரிய எஞ்சின் உள்ள செயின் சாவை அணைந்த நிலையிலிருந்து கிளப்பி, 15 சென்டிமீட்டருக்குள் மூன்று வில்லைகள் அறுக்க வேண்டும். முதல் ஆண்டில் இவற்றை வேடிக்கை பார்த்தால் போதும்.

5. மதிப்பெண் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

பெரிய தொடர்களில் ஒவ்வொரு பிரிவிலும் எத்தனையாவது வந்தீர்கள் என்பதற்கே புள்ளி. கடைசியில் கூட்டிப் பார்ப்பார்கள். நான் கலந்துகொண்ட கல்லூரிச் சந்திப்புகளில் கணக்கு வேறாக இருந்தது. முதலிடம் பிடித்தவருக்கு 100, மற்றவர்களுக்கு அவருடைய நேரத்தோடு ஒப்பிட்ட விகிதம். அவர் 30 நொடியில் முடித்து நீங்கள் 60 நொடி எடுத்தால் உங்களுக்கு 50. தகுதிநீக்கத்துக்கு இரண்டு முறையிலும் சுழியம்தான்.

இந்தக் கணக்கின் பொருளைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். இரு மடங்கு நேரம் எடுத்துச் சுத்தமாக அறுத்தவர் அணிக்கு 50 கொண்டுவருகிறார், மின்னலாக அறுத்து விளிம்பைத் தவறவிட்டவர் ஒன்றும் கொண்டுவருவதில்லை. எங்கள் அணி அன்று ஓர் இடம் கீழே இறங்கியது என் அந்த இரண்டு விரல் அகலத் துண்டால்.

6. கடிகாரத்துக்கு அப்பாற்பட்ட பிரிவுகளையும் பழகுங்கள்

கோடரி எறிதலில் 20 அடி தூரத்தில் 36 அங்குல அகலமுள்ள இலக்கு. நடுவில் பட்டால் 5, வெளிவளையத்துக்கு 1. கோட்டை மிதித்தால் அந்த எறிதல் போயிற்று. நடுவர் எண்ணுவதற்குள் கோடரி கழன்று விழுந்தாலும் அப்படியே.

மிதக்கும் உருளையில் இருவர் நிற்கும் கட்டையோட்டத்தில் யார் முதலில் தண்ணீரில் விழுகிறார் என்பதே கேள்வி. ஹேவர்டில் ஐந்துக்கு மூன்று வெல்ல வேண்டும். எதிராளியைத் தொடக் கூடாது, நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. ஆனால் காலால் அவர் முகத்தில் தண்ணீர் எற்றலாம்.

எனக்குப் பிடித்தது தண்ணீர் கொதிக்கவைக்கும் போட்டி. ஒரு மரத்துண்டு, மூன்று தீக்குச்சி, ஒரு தகர டப்பாவில் தண்ணீர். மரத்தை நீங்களே சிராய் சிராயாகச் சீவி நெருப்பு மூட்ட வேண்டும். கொதித்ததா இல்லையா என்று வாக்குவாதம் வராமலிருக்கத் தண்ணீரில் சிறிது சோப்பு கலந்திருப்பார்கள்; நுரை பொங்கி டப்பாவின் விளிம்பைத் தாண்டி வழிந்தால் நடுவர் கடிகாரத்தை நிறுத்துவார். பொங்கல் வைத்துப் பழகிய வீட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கே நியாயமாகவே ஒரு முன்னிலை உண்டு.

7. போட்டி நாளன்று

உங்களுக்கான கட்டையைக் குலுக்கலில் தருவார்கள். கிடைத்ததும் சுற்றிவந்து கணு இருக்கிறதா, விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். மோசமான கட்டை என்று தோன்றினால் முதல் வெட்டுக்கு முன்பே சொல்ல வேண்டும், பிறகு சொன்னால் எவரும் கேட்கமாட்டார்கள். முறையீடு எதுவானாலும் அணித்தலைவர் மூலமாகத்தான் போக வேண்டும். நடுவரோடு நேரில் வாதாடி அணிக்கே எச்சரிக்கை வாங்கித் தந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விமானத்தில் போவதானால் கோடரியை உறையிட்டு, விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பெட்டியில் மட்டுமே வைக்கலாம். ஏற்கெனவே எரிபொருள் ஊற்றிய செயின் சாவை ஏற்கமாட்டார்கள்.

8. கனடாவுக்குப் போகும் அணியில் இருந்தால்

மெக்கில் பல்கலைக்கழகத்தின் மெக்டொனால்ட் வளாகத்தில் ஜனவரியில் நடக்கும் போட்டிக்கு அமெரிக்க அணிகளும் போகின்றன. அமெரிக்கத் தோழர்கள் கடவுச்சீட்டை எடுத்துக்கொண்டு வண்டியேறிவிடுவார்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நமக்குக் கனடா விசா தனியாக வேண்டும். கட்டணம் 100 கனடா டாலர். கைரேகைப் பதிவுக்கு மேலும் 85. பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால் அக்டோபரிலேயே விண்ணப்பியுங்கள்.

திரும்பி வருவதற்கும் காகிதம் வேண்டும். கல்லூரி தந்த ஐ-20 என்ற மாணவர் தகுதிப் படிவத்தில் ஓராண்டுக்குள் போட்ட பயணக் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசா காலாவதியாகியிருந்தாலும், 30 நாளுக்குள் திரும்பினால் தானியங்கி மறுசெல்லுபடி என்ற ஏற்பாட்டில் உள்ளே வரலாம். அதற்கு ஐ-94 என்ற செல்லுபடியாகும் அமெரிக்க நுழைவுப் பதிவு வேண்டும், கனடாவில் இருக்கும்போது புதிய அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்திருக்கவும் கூடாது. பயணத்துக்கு முன் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் இதை உங்கள் காகிதங்களோடு காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். பட்டையோடு கூடிய பயிற்சிக் கட்டைகளை வண்டியில் ஏற்றாதீர்கள். பூச்சி பரவும் என்று எல்லையில் பறித்துக்கொள்வார்கள்.

9. பரிசுப் பணம் வந்தால்

கல்லூரிச் சந்திப்புகளில் பெரும்பாலும் கேடயமும் கருவியும்தான் கிடைக்கும். திறந்த போட்டிகளில் ரொக்கம் உண்டு. எஃப்-1 மாணவர் ரொக்கத்தை வாங்குவதற்கு முன், அது வேலையாகக் கருதப்படுமா என்பதை மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். வரிக் கணக்கில் இன்னும் வெளிநாட்டவராக இருப்பவருக்குத் தரும் பரிசில் பொதுவாக 30 விழுக்காட்டைப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். அந்தப் பிடித்தத்துக்கான 1042-எஸ் படிவம் மறு ஆண்டு மார்ச்சு வாக்கில் தபாலில் வரும். அறை மாறியிருந்தால் புதிய முகவரியைப் போட்டி நடத்தியவர்களுக்கு டிசம்பருக்குள் தெரிவித்துவிடுங்கள்.